ஊரடங்கும் குடும்ப வன்முறையும்: மலையேற வேண்டிய சட்டம்

– மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை



ஆண்டு மலர் என்றாலே கவிதை, சிரிப்புத் துணுக்கு, டூர் போன கதை என்றுதான் எல்லோரும் எழுதுவோம். இந்தக் கட்டுரை சட்டத்தைப் பற்றியது. "அரியரை முடிக்கவே நேரம் பத்தலை, இதுல சட்டம் வேறயா?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம் ஒவ்வொருவர் வீட்டு வாசற்படிக்கும் சம்பந்தப்பட்ட சட்டம் இது. பரீட்சைக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்.

2020-ல் நம்மில் பெரும்பாலோர் ஆறாவதோ, ஏழாவதோ, எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தோம். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நமக்கெல்லாம் அது 'ஆல் பாஸ்' வருஷம். "வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்" என்று டி.வி.யும் செல்போனும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. கொரோனாவைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரைதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிற ஒரு பெண்ணுக்கு அந்த அறிவுரை என்ன பாதுகாப்பைக் கொடுத்திருக்கும்? அவளுக்காக ஏற்கனவே இருந்த சட்டம் அந்த நாட்களில் எங்கே நின்றது? மலையின் மேல் இருப்பவர்களுக்கு அது எட்டியதா? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

1. குடும்ப வன்முறை என்றால் என்ன?

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நமக்கெதுக்கு?" – இது நம் ஊரில் காலம் காலமாக நடமாடும் பேச்சு. இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. மனைவியைக் கொடுமைப்படுத்தும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை என்பது அது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது.

ஆனால் எல்லாப் பெண்களும் கணவனை ஜெயிலுக்கு அனுப்ப விரும்புவதில்லை. "அடிக்காம இருந்தா போதும், புள்ளைங்களோட இந்த வீட்லயே இருக்கணும்" என்பதுதான் பலர் கேட்பது. 2005 சட்டம் அந்தக் கோரிக்கைக்காக எழுதப்பட்டது. அது வன்முறையை நாலு வகையாகப் பிரிக்கிறது:

(அ) உடல் ரீதியானது: அடிப்பது, உதைப்பது, தள்ளுவது, மிரட்டுவது.

(ஆ) பாலியல் ரீதியானது.

(இ) சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவது: கேவலமாகத் திட்டுவது, ஆண் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவது.

(ஈ) பொருளாதார ரீதியானது: வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, அவள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டை விட்டுத் துரத்துவது.

தோழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் மனைவிகளுக்கு மட்டுமானதல்ல. ஒரே வீட்டில் ரத்த உறவாலோ, திருமணத்தாலோ, தத்தெடுப்பாலோ சேர்ந்து வாழும், வாழ்ந்த எந்தப் பெண்ணும் இதில் வருவாள். அம்மா, அக்கா, தங்கை, பாட்டி எல்லோரும் அடக்கம். 2006 விதிகளோடு இணைந்த சம்பவ அறிக்கைப் படிவத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பள்ளி, கல்லூரிக்குப் போக விடாமல் தடுப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, விருப்பமில்லாத கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாமே அதில் வன்முறை என்று பட்டியல் போடப்பட்டிருக்கிறது. "டிப்ளமோ படிச்சது போதும், வீட்ல கிட" என்று சொல்லிப் படிப்பை நிறுத்தினால், சட்டத்தின் கண்ணில் அது வீட்டு விவகாரம் மட்டும் இல்லை.

அதே படிவத்தில் இன்னொரு வரியும் உண்டு: வீட்டை விட்டு வெளியே போகவிடாமல் தடுப்பதும் வன்முறை. ஊரடங்கு நாட்களில் இந்த வரிக்கு என்ன ஆனது என்று யோசியுங்கள். "வெளியே போகாதே" என்று அரசாங்கமும் சொன்னது, அடிக்கிற கணவனும் சொன்னான். இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட அவளுக்கு வழியே இல்லாமல் போனது.

2. 2020 சொன்ன கணக்கு

2020 மார்ச் முதல் வாரத்தில் (2-ஆம் தேதி முதல் 8 வரை) தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த மொத்தப் புகார் 116. அதில் குடும்ப வன்முறைப் புகார் 30. ஊரடங்கு தொடங்கிய நாட்களில், அதாவது மார்ச் 23 முதல் ஏப்ரல் 1 வரை, வந்தது 257. அதில் குடும்ப வன்முறை 69. "இரண்டு மடங்குக்கு மேல்" என்று பத்திரிகைகள் எழுதின. நாம் கணக்குப் படித்தவர்கள், சரியாகப் போட்டுப் பார்ப்போம். முதல் கணக்கு 7 நாளுக்கு, இரண்டாவது 10 நாளுக்கு. ஆக, ஒரு நாளைக்கு நாலு சொச்சமாக இருந்தது ஏறக்குறைய ஏழாக உயர்ந்தது. அப்படிப் பார்த்தாலும் பத்தே நாளில் இது பெரிய ஏற்றம்தான். வருஷக் கணக்கும் அதையே காட்டுகிறது: 2019-ல் ஆணையத்துக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார் 2,960, 2020-ல் 5,297.

அப்போதைய ஆணையத் தலைவர் ரேகா சர்மா அன்றே ஒரு விஷயத்தைச் சொன்னார். ஏழைப் பெண்களின் புகார்கள் வழக்கமாகத் தபாலில்தான் வரும். ஊரடங்கில் அது தடைப்பட்டதால் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் இ-மெயில் புகார்கள். அதாவது இ-மெயில் தெரிந்த பெண்களின் கணக்கு மட்டுமே இது. ஏப்ரல் 10-ஆம் தேதி ஆணையம் வாட்ஸ்அப் எண் ஒன்றைத் திறந்ததற்கு இதுதான் காரணம்.

மீட்டர் ஓடவில்லை என்பதற்காக லைனில் கரண்ட் இல்லை என்று நம்பித் தொட்டுவிடலாமா? மீட்டரே பழுதாக இருக்கலாம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அகில இந்திய அளவு 29.3 சதவீதம்தான். படிப்பிலும் தொழிலிலும் முன்னே நிற்கும் நம் மாநிலத்தின் எண் இது! அதே ஆய்வு நாடு முழுவதற்கும் இன்னொரு எண்ணையும் தருகிறது: உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நாலு பேரில் மூன்று பேருக்கு மேல் வாயே திறக்கவில்லை.

இங்கே ஒரு பொது நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்கலாம். "எல்லாம் குடிதாங்க காரணம்" என்பார்கள். குடி வன்முறையைக் கூட்டுகிறது என்பது நம் தெருவிலேயே தெரியும். ஆனால் 2020 மார்ச் இறுதி முதல் மே தொடக்கம் வரை நாடு முழுக்க மதுக்கடைகள் மூடியே இருந்தன. தமிழ்நாட்டில் டாஸ்மாக் மே 7-ல்தான் திறந்தது. புகார் ஏறியதோ கடை மூடியிருந்த நாட்களில்! வேலை போச்சு, வருமானம் போச்சு, அந்தக் கோபத்தை யார் மேல் காட்டினால் கேட்க ஆளில்லையோ அவள் மேல் காட்டு – இந்தப் பழக்கத்துக்குப் பாட்டில் தேவைப்படவில்லை.

3. மலையில் நிலைமை என்ன?

கொடைக்கானல், திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு வட்டம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். மாவட்டத் தலைநகருக்கு வத்தலக்குண்டு வழியாக இறங்கினால் ஏறக்குறைய 95 கிலோமீட்டர். பழனிப் பக்கம் இறங்கினால் சுமார் 64 கிலோமீட்டர், அத்தனையும் கொண்டை ஊசி வளைவுகள். இது கொடைக்கானல் டவுனிலிருந்து போடும் கணக்கு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை போன்ற மேல்மலை ஊர்க்காரர்கள் முதலில் டவுனுக்கு வந்தாக வேண்டும். கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிக்காரர்களுக்கு வேறு பாதை, வேறு பஸ். வெள்ளகவி கிராமத்து மக்களோ நெடுங்காலம் ரோடே இல்லாமல் ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்கள்.

இந்த மலையின் வயிறு இரண்டு தொழிலால் நிறைகிறது. ஒன்று கேரட், உருளை, பூண்டு, பீன்ஸ் விவசாயம். மற்றொன்று சுற்றுலா. லாட்ஜ், டாக்சி, குதிரைச் சவாரி, ஏரிக்கரைச் சோளக்கடை, ஹோம்மேட் சாக்லேட் கடை எல்லாம் கோடை சீசனை நம்பித்தான். 2020-ல் ஏப்ரல், மே சீசன் முழுசாகப் போனது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று அறிவித்தபோதும் கொடைக்கானல், நீலகிரி, ஏற்காட்டுக்கு மட்டும் இ-பாஸ் தொடர்ந்தது. சமவெளிக்கு ஒரு ஊரடங்கு என்றால் மலைக்கு அதற்கு மேல் ஒரு பூட்டு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மேல்மலையில் ஒரு அக்கா. தோட்டக்கூலி. அம்மா வீடு வத்தலக்குண்டில். புருஷன் லாட்ஜ் வேலை போய் வீட்டில் இருக்கிறான். வீட்டில் ஒரே செல்போன், அது அவன் சட்டைப்பையில். டவர் கிடைக்கும் இடம் மேட்டு முக்கில். பஸ் இல்லை. சாதாரண நாளில் அடி வாங்கினால் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். இப்போது அதுவும் இல்லை. தோட்டத்தில் கூட வேலை செய்யும் பெண்களிடம் அழுதுவிட்டு வருவாள். தோட்டத்துக்கே ஆள் குறைப்பு. இப்படிப்பட்டவளுக்குச் சட்டம் என்னதான் வைத்திருந்தது?

4. சட்டம் கையில் கொடுத்தது

படித்துப் பார்த்தால் நிறையவே வைத்திருந்தது. நம் ஒர்க்ஷாப் ரெக்கார்டு மாதிரி வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: அவளே வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, வன்முறை நடந்தது, நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தால் தகவல் தந்தவர் மேல் வழக்கு வராது. பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்லலாம், ரேஷன் கடைக்காரரும் சொல்லலாம், நாமும் சொல்லலாம்.

இரண்டாம் படி: எழுதித்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. 2006 விதிகளில் 9-வது விதி, அவசர நேரத்தில் போனிலோ இ-மெயிலிலோ நம்பத்தகுந்த தகவல் வந்தால் பாதுகாப்பு அலுவலர் உடனே போலீஸ் உதவியோடு சம்பவ இடத்துக்குப் போய், அறிக்கை எழுதி, நடுவர் மன்றத்தில் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதாவது ஊரடங்குக்கு 14 வருஷம் முன்பே "போன் போதும்" என்று எழுதிவைத்துவிட்டார்கள்.

மூன்றாம் படி: அவள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே மனு போடலாம், அது தற்காலிகத் தங்கலாக இருந்தாலும் சரி. கொடைக்கானலிலேயே நடுவர் மன்றம் இருக்கிறது. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வைக்கப்பட வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். அவசரமென்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு போடவும் 23-வது பிரிவு இடம் தருகிறது.

நான்காம் படி: "அடிக்காதே, நெருங்காதே" என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு உத்தரவு, செலவுக்குப் பணம், குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, நஷ்டஈடு ஆகியவற்றைக் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

ஐந்தாம் படி: காசு இல்லை என்பது தடையில்லை. 1987-ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால், அறிக்கை கொண்டுவரவில்லை என்று சொல்லிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.

இத்தனை இருந்தும் அந்த மேல்மலை அக்காவுக்கு ஏன் எட்டவில்லை? நம் பாடத்திலேயே விடை இருக்கிறது. பியூஸ் ஒயரைக் காக்கும். ஆளைக் காப்பது ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகிவிடும். ஆனால் அது எங்கே இருக்க வேண்டும்? ஷாக் அடிக்கும் வீட்டின் மெயின் போர்டில். 95 கிலோமீட்டர் தள்ளி மாட்டிவைத்துவிட்டு, "ஷாக் அடிச்சா வந்து சொல்லுங்க, ஆஃப் பண்றோம்" என்றால் என்ன பிரயோஜனம்? 2020-ல் தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலர் பதவி மாவட்டத்தை அளவாக வைத்துத்தான் இருந்தது. அவர்கள் ஊரடங்கில் நடமாட அனுமதி இருந்தது. ஆபத்திலிருந்த சில பெண்களை மீட்டு விடுதிகளில் சேர்க்கவும் செய்தார்கள். அந்த உழைப்பை மறுக்க முடியாது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் என்றால் அவர் மலைக்குப் போவாரா, சமவெளியைப் பார்ப்பாரா?

5. மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

2020 ஏப்ரல் தொடக்கத்தில் ஐ.நா. பொதுச்செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ், போர்க்களங்களில் கேட்ட சண்டை நிறுத்தத்தை வீடுகளுக்குள்ளும் கேட்டார். பேச்சோடு நிற்காமல் சில அரசுகள் உருப்படியான வேலை பார்த்தன.

ஸ்பெயின்: வெளியே போக அனுமதி இருந்த ஒரு சில இடங்களில் மருந்துக்கடையும் ஒன்று. கானரித் தீவுகளில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பெண் மருந்துக்கடையில் போய் "முகக்கவசம் 19 வேண்டும்" என்று கேட்டால் போதும். கடைக்காரர் புரிந்துகொண்டு அவசர உதவிக்குத் தகவல் கொடுப்பார். பக்கத்திலேயே கணவன் நின்றாலும் அவனுக்கு விளங்காது. பிறகு மற்ற பகுதிகளுக்கும் இது பரவியது.

பிரான்ஸ்: மருந்துக்கடைகள் வழியே புகார் தர ஏற்பாடு செய்ததோடு, வீட்டை விட்டு வரும் பெண்கள் தங்க 20,000 ஓட்டல் அறை-இரவுகளுக்கு அரசே பணம் தருவதாக 2020 மார்ச் இறுதியில் அறிவித்தார்கள்.

ஒடிசா: பெண் போன் செய்யக் காத்திருக்காமல், முன்பு குடும்ப வன்முறைப் புகார் கொடுத்த பெண்களுக்குப் போலீசே போன் போட்டு "எப்படிம்மா இருக்கீங்க?" என்று விசாரித்தது.

ஜம்மு காஷ்மீர்: அங்குள்ள உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரல் 16-ல், தலைமை நீதிபதி கீதா மிட்டல் அமர்வில், யாரும் மனு போடாமலே தானாக முன்வந்து விசாரித்தது. மளிகைக்கடை, மருந்துக்கடை போன்ற இடங்களைப் பெண்கள் பயமில்லாமல் தகவல் சொல்லும் இடங்களாக்க வேண்டும், இதற்கென நிதி ஒதுக்க வேண்டும், குடும்ப வன்முறையை அவசர வழக்காக எடுக்க வேண்டும் என்று வழிகாட்டியது. அதுவும் மலைப் பிரதேசம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? பெண் சட்டத்தைத் தேடி வர வேண்டும் என்ற நிலையை மாற்றி, அவள் போகக்கூடிய இடத்துக்குச் சட்டத்தைக் கொண்டுபோனார்கள். பிரான்ஸ் செய்தியைப் படிக்கும்போது கொடைக்கானல்தான் ஞாபகம் வருகிறது. அந்த மாதங்களில் இந்த மலையில் லாட்ஜ் அறைகள் எல்லாம் காலியாகப் பூட்டிக் கிடந்தன. ஒரு ராத்திரி பத்திரமாகத் தங்க இடமில்லாத பெண்ணுக்கு, பக்கத்துத் தெருவிலேயே காலி அறைகள்! இணைத்துவைக்க ஓர் ஏற்பாடுதான் வேண்டும்.

6. சந்தேகங்களும் விளக்கங்களும்

கேள்வி: வீடு மாமனார் பேர்ல இருக்கு. "என் வீட்டை விட்டு வெளிய போ"ன்னா என்ன செய்ய முடியும்?

பதில்: 2020 அக்டோபர் 15-ல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. திருமணத்துக்குப் பின் குடும்பமாக வாழ்ந்த வீடு கணவனின் உறவினர் பேரில் இருந்தாலும், அது 'பகிர்ந்து வாழும் வீடு' ஆகலாம். சொத்துரிமை வேறு, தங்கும் உரிமை வேறு. மாமனார் மாமியாரின் நிலைமையையும் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும்.

கேள்வி: மாமியார், நாத்தனார் கொடுமை செய்தால்?

பதில்: முதலில் சட்டத்தில் 'வயது வந்த ஆண்' என்றுதான் எதிர்த்தரப்புக்கு விளக்கம் இருந்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டது. பெண்கள் மீதும் மனு போடலாம்.

கேள்வி: பொய்க் கேஸ் போட்டு ஆண்களை அலைக்கழிக்கிறார்களே?

பதில்: நியாயமான கேள்வி. 498ஏ வழக்கில் எடுத்த எடுப்பிலேயே கைது செய்யக் கூடாது என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. 2005 சட்டத்திலோ முதலில் வருவது சிறை இல்லை, "அடிக்காதே" என்ற உத்தரவுதான். அடிக்காதவனுக்கு அந்த உத்தரவால் என்ன நஷ்டம்? சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றவோ நீக்கவோ இரு தரப்பும் கேட்கலாம்.

கேள்வி: கணவன் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகணுமா?

பதில்: வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் சொல்லலாம். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். 3 நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று கொடைக்கானலிலும் இருக்கிறது.

7. இனி என்ன?

ஊரடங்கு முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். சமவெளிக்குத் தனிமை 2020-லும் 2021-லும் வந்துபோனது. மலைக்கு அது ஒவ்வொரு வருஷமும் வருகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அன்று ஓர் ஊரடங்கு. மரம் விழுந்து கரண்ட்டும் டவரும் போனால் அதுவும் ஓர் ஊரடங்கு. கடைசி பஸ் போன பிறகு மேல்மலைக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஊரடங்குதான்.

இந்தக் குறையை உச்ச நீதிமன்றமும் பார்த்தது. 'வீ தி விமன் ஆஃப் இந்தியா' அமைப்பு தொடுத்த வழக்கில் 2025 மே 20-ல், பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்படாத இடங்களில் மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் அலுவலர்களை அடையாளம் கண்டு ஆறு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 'வட்ட அளவில்' என்ற அந்த ஒரு சொல் சமவெளிக்காரர்களுக்குச் சாதாரணமாகப் படலாம். கொடைக்கானல் வட்டத்துக்கு அது 95 கிலோமீட்டர் மிச்சம்!

நம் சங்கம் எத்தனையோ விஷயத்துக்கு மனு கொடுத்திருக்கிறது. இதற்கும் கொடுக்கலாம். மூன்று கோரிக்கை போதும்:

ஒன்று, கொடைக்கானலில் உட்காரும் பாதுகாப்பு அலுவலர் யார், அவர் போன் நம்பர் என்ன என்று ஒவ்வொரு ரேஷன் கடையிலும், அங்கன்வாடியிலும், மேல்மலை கீழ்மலை பஸ்களிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

இரண்டு, ரோடு அடைபடும் நாட்களுக்கென, டவுனில் ஓரிரு தங்கும் அறைகளை முன்கூட்டியே அரசு ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

மூன்று, மருந்துக்கடைக்காரர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவைச் சொல்லித்தர வேண்டும்.

மனுவுக்குப் பதில் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் வீராவேசமாக உள்ளே புகுந்து சண்டை போடாதீர்கள். நீங்கள் போன பிறகு அந்த அடியும் அவளுக்குத்தான் சேர்த்து விழும். தனியாகப் பேச வாய்ப்பு கிடைக்கும்போது, "அக்கா, நான் என்ன செய்யணும்னு நெனக்கிறீங்க?" என்று முதலில் அவரைக் கேளுங்கள். உங்கள் போனைக் கொடுங்கள். பேசி முடித்ததும் அவர் சொன்னால் அந்த நம்பரை அழித்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டும் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112-ஐக் கூப்பிடுங்கள்.

தோழர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. நாளைக்கு நாமும் சம்பளம் வாங்குவோம், கல்யாணம் செய்துகொள்வோம். அப்போது ஒருநாள் கம்பெனி மூடும், ஆர்டர் போகும், கையில் காசு இருக்காது. அந்த ராத்திரி வீட்டுக்குள் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை எந்தப் பாதுகாப்பு அலுவலரும் கூட நின்று பார்க்கப் போவதில்லை. அதை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

கீழே இருப்பதை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

பெண்கள் உதவி – 181
அவசர போலீஸ் – 112
குழந்தைகள் உதவி – 1098
இலவச சட்ட உதவி – 15100

நாலும் இலவச அழைப்பு. நாலு நம்பரையும் வீட்டில் அம்மாவிடமும் ஒருமுறை சொல்லிவையுங்கள். அவர்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், தேவைப்படுகிற ஒருவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.